காலடியில் கிழமை

லிஃப்டின் தரைவிரிப்பைத் தினமும் மாற்றுகிறார்கள்.
இன்று புதன் என்கிறது.
முப்பத்திரண்டு நாளாய் எங்களுக்குக்
கிழமை சொல்வது அது மட்டும்தான்.
மிதித்துவிட்டுச் சாப்பிடப் போவோம்.

டார்வினுக்கு முந்தைய இரவு
அரை மணி நேரம் கொடுத்தார்கள்.
பெர்த் போகும் வழியில் இன்னும் ஒன்றரை.
கேட்காமல் வந்தது, தூங்கித் தீர்த்தோம்.
திரும்பும்போது வட்டிக்காரன்போல்
கொஞ்சம் கொஞ்சமாய் வாங்கிக்கொண்டார்கள்.
அடிலெய்டு தாண்டியதும் கடைசி அரை மணியும் போயிற்று.
இப்போது என் கைக்கடிகாரம்
டூங்காபி வீட்டு அடுப்புக்கு மேல்
யாரும் பார்க்காமல் ஓடும் கடிகாரத்தோடு
ஒத்துப்போகிறது.

ஏறும்போது ஒரு பேச்சையும் கொண்டுவந்தோம்.
இனித் தனித்தனி வீட்டில் இருந்து பார்ப்பதா
என்கிற பேச்சு.
"கப்பலில் பேசிக்கலாம், நிறைய நேரம் இருக்கும்"
என்றார் தணிகாசலம்.
சர்குலர் கீயில் என் கத்தரிக்கோலைப் பிடுங்கினார்கள்,
நார்த்தங்காய் ஊறுகாயைத் திறந்து மோந்தார்கள்.
பேச்சு மட்டும்
எந்தத் திரையிலும் தெரியாமல் உள்ளே வந்துவிட்டது.

கெய்ர்ன்ஸில் மழை. பேசவில்லை.
புரூமில் வெயில். பேசவில்லை.
ஆல்பனிக்கு அப்பால் கடல் எங்களைச்
சல்லடையில் போட்டுச் சலித்த இரவில்
குளியலறைத் தரையில் உட்கார்ந்து
என் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம்
எப்படி ஆரம்பிப்பது?

ஏழாம் தளத்தில் ஒரு படப்புதிர்,
இரண்டாயிரம் துண்டு.
லான்செஸ்டன்காரி பெவர்லி வானத்தை மட்டும் கட்டுவாள்.
இவர் ஓரங்கள். நான் படகுகள்.
மூன்றாம் நாளே ஒரு துண்டை எடுத்து
ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன்,
கடைசித் துண்டு என்னுடையதாய் இருக்கட்டும் என்று.

புதன் இரவு போய்ப் பார்த்தால்
மேசையைத் துடைத்திருக்கிறார்கள்.
"கலைத்துப் பெட்டியில் போட்டாச்சு" என்றாள் பெவர்லி.
"ஒன்றே ஒன்று குறைந்தது, தெரியுமா?
உன் கணவர் நாற்காலிக்கடியில் எல்லாம்
முட்டிபோட்டுத் தேடினார்.
நீ வந்து பார்ப்பாய் என்றார்."

வியாழன். ஈடன்.
அலைதாங்கி மேல் உட்கார்ந்து
காகிதத்தில் சுற்றிய சிப்ஸ் தின்றோம்.
திமிங்கலம், என்று யாரோ கத்த
நாங்கள் திரும்பியபோது
அது இருந்த இடத்தில் தண்ணீர்
வழவழவென்று மூடிக்கொண்டிருந்தது.
நீர்க்காக்கை ஒன்று அதில் போய் உட்கார்ந்தது.
"கூரை வாய்க்காலை இந்த வருஷமாவது மாத்தணும்"
என்றார் அவர், உப்பு விரலைத் துடைத்தபடி.
எந்த வீட்டுக் கூரை என்று நான் கேட்கவில்லை.

இரவு பத்துக்குள் பெட்டிகளை வாசலில் வைக்க வேண்டும்.
ஊதாச் சீட்டு, இரண்டுக்கும் ஒரே எண்.
வயான் கடைசியாக ஒரு துவாலைக் குரங்கைத்
தொங்கவிட்டுப் போயிருந்தான்.
நாங்கள் இறங்கி ஏழு மணி நேரத்தில்
இந்த மெத்தையில் வேறு யாரோ படுப்பார்கள்.
விளக்கை அணைத்த பிறகு
இருட்டில் இவர் குரல்:
"காலையில போட பேண்ட்டு?"

எல்லாம் பெட்டிக்குள்.
அரைக்கால் பைஜாமாவோடு ஒரு மனிதர்,
நைட்டியோடு நான்,
நடைபாதை விளக்கில்
சொந்தப் பெட்டியைத் திருடர்கள்போல் திறந்து,
சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்து,
வந்துவிட்டது சத்தம்.
எதிர் அறைக் கதவு திறந்து மூடியது.
கால்சட்டையை உதறி மடித்துக் கொடுக்கும்போது
அந்தத் துண்டை அதன் பையில் போட்டேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வெள்ளி. மணி ஐந்தே கால்.
இரண்டு பாறைத் தலைகளுக்கு நடுவே
கப்பல் மெதுவாய் நுழைகிறது.
மேன்லிப் படகு ஒன்று, உள்ளே விளக்கெரிய,
ஆள் இல்லாமல் எங்களைக் கடக்கிறது.
மேல்தளத்தில் குளிர்.
எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்க
இவர் மட்டும்
கையைப் பைக்குள் விட்டார்.

விட்ட கையை
இன்னும் வெளியே எடுக்கவில்லை.